பாஸ்டன் தேநீர் விருந்து என்றால் என்ன? தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

பெயரில்தான் விருந்து, யாரும் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. 1773 டிசம்பர் 16 இரவு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறிய குடியேற்றவாசிகள், 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அத்தனையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. ஆமாம், சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான்.

காரணம், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட தேயிலை வரி. அந்த நாடாளுமன்றத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடாமலே, "மாதம் 50 ரூபாய்தானே, கொடுங்கள்" என்றால் எப்படி இருக்கும்? 50 ரூபாய் பெரிய தொகை இல்லைதான், ஆனால் கேட்காமல் முடிவெடுத்தது உறுத்தும் இல்லையா? அப்புறம், கம்பெனிக்கு மட்டும் கிடைத்த சலுகையால் உள்ளூர் வியாபாரிகள் பிழைப்பு போய்விடுமே என்று பயந்தார்கள்.

தேயிலை விலை ஏறியதால்தான் இந்தக் கலகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆண்டு வந்த தேயிலைச் சட்டம் விலையைக் குறைக்கத்தான் வழி செய்தது.