உள்ளுறை வெப்பமும் ஈயச்சொம்பும்

அண்ணே வணக்கம்,

தேவகோட்டைப் பக்கம் பாத்திரக்கடை வச்சிருக்கேன். மக ஒம்பதாவது படிக்கிறா. போன வாரம் ராத்திரி 'உள்ளுறை வெப்பம் என்றால் என்ன'ன்னு உருப்போட்டுக்கிட்டு இருந்தவ, பொஸ்தகத்த மூடி வச்சிட்டு, "அப்பா, இத வச்சு நீங்க என்னிக்காவது ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா"ன்னு கேட்டா. யோசிச்சுப் பாத்தேன், இல்லன்னுதான் சொல்ல வந்துச்சு. 22 வருசமா கடை நடத்துறேன், கணக்கு தெரிஞ்சா போதும்னு ஓடிருச்சு. நம்ம செட்டிநாட்டுப் பெரிய வீடுகளக் கட்டுனவுக சயின்ஸ் படிச்சா கட்டுனாக? டாக்டர், இன்ஜினியர் ஆகுற புள்ளைக படிக்கட்டும், மத்தவுகளுக்கு எதுக்குண்ணே? நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்க. பேர் போட வேணாம், மக படிச்சிருவா.

ஒரு வாசகர்

தம்பி,

நீங்க கடையில ஈயச்சொம்பு விக்கிறீகளா? விப்பீக. விக்கிறப்ப வாங்குறவுககிட்ட என்ன சொல்லிக் குடுப்பீக? "காலியா அடுப்புல வச்சிராதீக, புளித்தண்ணிய ஊத்திட்டு வைங்க"ன்னு. அதாம் உள்ளுறை வெப்பம். 22 வருசமா ஓசியில பாடம் எடுத்துக்கிட்டு, மககிட்ட மட்டும் தெரியாதுன்னுட்டீகளே.

ஈயச்சொம்புன்னா வெள்ளீயம் (டின்), 232 டிகிரியில உருகிரும். கேஸ் அடுப்புத் தீ ஆயிரத்துக்கும் மேல. அப்ப ரசம் வைக்கிறப்ப ஏன் உருகல? உள்ள இருக்குற தண்ணி 100 டிகிரிய தொட்டதும் அதுக்கு மேல ஏற மாட்டேங்குது, வர்ற சூட்டையெல்லாம் ஆவியா மாறுறதுக்கே செலவழிச்சிருது, அந்த சூட்டுக்குத்தான் உள்ளுறை வெப்பம்னு பேரு. ஒரு லிட்டர் தண்ணிய 30 டிகிரியிலேர்ந்து 100க்குக் கொண்டுவர 3 லட்சம் ஜூல் கூட ஆகாது, அதே தண்ணி முழுசும் ஆவியாப் போக 22 லட்சத்துக்கும் மேல வேணும். அம்புட்டு சூட்டையும் தண்ணி உறிஞ்சுறதாலதான் சொம்பு பொழைக்குது.

நானே ஒண்ண உருக்கியிருக்கேன். காலேஜ் லீவுல அப்பத்தாவுக்கு ஒத்தாசை பண்றேன்னு கழுவுன சொம்பு காயட்டும்னு அடுப்புல வச்சிட்டு மொளகு தட்டப் போனேன், திரும்பி வந்தா பர்னர் மேல வெள்ளி கரைஞ்ச மாதிரி ஒரு குட்டை, சொம்போட கழுத்து மட்டும் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. அப்பத்தா கல்யாணத்துக்கு சீரா வந்த சொம்பு. திட்டுனது கூட பரவால்ல, "காலியா வைக்கக்கூடாதுன்னு தெரியாதாடா"ன்னு கேட்டாக பாருங்க, ஏன் கூடாதுன்னு நான் திருப்பிக் கேட்டதுக்கு "கூடாதுன்னா கூடாது"ங்குறதத் தவிர அவுககிட்டயும் பதில் இல்ல.

பெரிய வீட்டுக் கதையும் இதேதான். கட்டுனவுக பொஸ்தகம் படிக்கல, சரி. ஆனா பல தலைமுறையா கட்டிக் கட்டிப் பாத்து, வெக்கை மேல போறதுக்கு வளவு (வீட்டோட நடுக்கட்டு) நடுவுல முத்தத்தத் (முற்றம்) தெறந்து விட்டாக. இன்னிக்கு என்ன பண்றாக? கொரங்கு வருது, மழத்தண்ணி தெறிக்குதுன்னு முத்தத்து மேல பிளாஸ்டிக் ஷீட்ட இறுக்கி மூடிட்டு, அப்புறம் வீடு ஏன் இப்புடி வேகுதுன்னு ஏசி வாங்குறாக. ஷீட்ட ரெண்டடி தூக்கிப் போட்டு சுத்தி காத்துப் போக வழி விட்டிருந்தா மழையும் வராது, வெக்கையும் தங்காது. வழக்கம் மட்டும் கைக்கு வந்துச்சு, காரணம் வரல.

அடுப்படியில இது உயிர் போற சமாச்சாரம். வெறகடுப்புப் புகை மேல போகும், அதுக்குத்தான் மேல ஓட்டை விட்டாக. சிலிண்டர் கேஸ் காத்தவிட கனம், கசிஞ்சா தரையோட தரையா தேங்கி நிக்கும். நாத்தம் அடிச்சதும் நம்ம கை என்ன பண்ணும், நேரா எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச்சுக்குப் போகும், அந்த சுவிட்ச்சுல ஒரு பொறி போதும் வீடே போயிரும். ரெகுலேட்டர மூடிட்டு, எந்த சுவிட்சயும் தொடாம (எரியுற லைட்ட அணைக்கவும் கூடாது) கதவு ஜன்னலத் தெறந்துட்டு வெளிய வரணும். இத தெரிஞ்சுக்க டாக்டரா ஆகணுமா என்ன?

இன்னொண்ணு, கொஞ்சம் வயித்தெரிச்சல். அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி வந்ததுதான் காரைக்குடி செக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பேட்டரி ஆராய்ச்சிக்கு நாடு பூரா தெரிஞ்ச எடம். அதே ஊர்ல என் சொந்தக்காரர் ஒருத்தர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு போர் தண்ணிய ஊத்திக்கிட்டு இருந்தாரு! சார்ஜ் ஏறுறப்ப தண்ணி மட்டும்தான் வாயுவாப் பிரிஞ்சு போகும், அதுல இருந்த உப்பெல்லாம் உள்ளயே சேந்து சேந்து பேட்டரியக் கெடுத்துரும். வெந்நி வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அதே கததான். பாத்திரக்கடைக்காரருக்கு இத வெளக்கணுமா.

உங்க தொழிலுக்கும் ஒண்ணு சொல்லணும், தப்பா நெனைக்காதீக. வெள்ளீயம், காரீயம் (லெட்) ரெண்டையும் நம்ம ஆளுக ஈயம்னே சொல்லிருவாக. சொம்புல காரீயம் கலந்திருந்தா புளிப்புல கரைஞ்சு ரசத்தோட எறங்கும், சின்னப் புள்ளைக மூளைக்கு ரொம்பக் கெடுதல், நாக்குல தெரியாது. வாங்குற எடத்துல டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, இல்லன்னா ஒரு சொம்ப லேபுக்கு அனுப்புங்க.

மகளுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீக. ஞாயித்துக்கெழம ஒரு பேப்பர் கப்புல முக்காவாசி தண்ணி ஊத்தி, இடுக்கியில புடிச்சு, மெழுகுவத்திக்கு நேர் மேல காட்டச் சொல்லுங்க, நீங்களும் பக்கத்துல இருங்க. அடியில கரி புடிக்கும், கப்பு எரியாது. தீய மட்டும் தண்ணி மட்டத்துக்கு மேல கொண்டுபோயிராதீக, அந்த எடம் பத்திக்கும். ஏன் அங்க மட்டும் பத்துதுன்னு அவகிட்டயே கேளுங்க.