கொறங்காட்டு மாடுகளுக்குத் தாது உப்பு: கேள்வி பதில்

மழை நின்று, கொறங்காடு என்று நாம் சொல்லும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து நிற்கும் நாட்கள் இவை. தாது உப்பை, அதாவது பாஸ்பரஸ், கால்சியம் போன்ற தாதுக்கள் கலந்த மாட்டுத் தூளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (காங்கயம்): என் பசு கொறங்காட்டில் மேயும்போது எலும்பு, செருப்பு, மண் என்று கண்டதையெல்லாம் கடிக்கிறது. உப்புக் கட்டி தொங்கவிட்டும் நிற்கவில்லை.

பதில்: உப்புக் கட்டியால் நிற்காது, தம்பி. அதில் பெரும்பங்கு சாதாரண உப்புதான். உங்கள் மாடு தேடுவது பெரும்பாலும் பாஸ்பரஸாக இருக்கும். பச்சைப் புல்லில் ஓரளவு இருக்கும் பாஸ்பரஸ், கதிர்விட்டுக் காய்ந்ததும் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். செத்த விலங்கின் எலும்பில் பொட்டுலிசம் என்ற, கிருமியால் உண்டாகும் கொடிய நச்சு இருக்கலாம். அதைக் கடித்த மாடு கால் தளர்ந்து படுத்துவிடும், பிழைப்பது அரிது. நூறாண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் இப்படித்தான் மடிந்தன. ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை மருத்துவர், பாஸ்பரஸ் பற்றாக்குறைதான் அவற்றை எலும்பு தின்ன வைக்கிறது என்று கண்டறிந்தார்.

எனவே இன்றே காட்டில் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். குடற்புழு நீக்கம் செய்யுங்கள். புழு இருந்தாலும் மாடு மண் தின்னும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். தினமும் ஒரு படி தவிட்டில் தாது உப்புக் கலந்து வையுங்கள். எச்சில் ஒழுக, வெறித்துப் பார்த்துக்கொண்டு கடித்தால் அது வெறிநோயாக இருக்கலாம். வாயில் கைவிடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி (தாராபுரம்): கடையில் பல வகைப் பொட்டலங்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாஸ்பரஸ் 9 முதல் 12 சதவீதம், கால்சியம் 20 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். எண்களே இல்லையென்றால் வாங்காதீர்கள். விலை குறைந்த சிலவற்றில் சுண்ணாம்புத் தூளே நிறைந்திருக்கும். வெள்வேல் மரத்தின் காயும் தழையும் தின்னும் மாட்டுக்குக் கால்சியம் அவ்வளவு பெரிய குறையில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவை கிடைத்தால் அதையே வாங்கலாம். பெரிய மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம், கன்றுக்கு 15 முதல் 20 கிராம் போதும்.

கேள்வி (மூலனூர்): மாடுகள் இராப்பகலாகக் காட்டிலேயே கிடக்கின்றன. தினமும் பிடித்துக் கொடுக்க ஆளில்லை, ஐயா.

பதில்: பழைய டயரைப் பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், மழை படாத கூரையின் கீழ் வையுங்கள். தாது உப்பும் கல்லுப்புத் தூளும் சம அளவில் கலந்து போடுங்கள். உப்புச் சுவைக்கு மாடு வரும். உப்பு மிகுந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அந்தப் பக்கமே திரும்பாது. அப்போது கல்லுப்பைக் குறைத்துத் தவிட்டைச் சேருங்கள். முட்டித் தள்ளும் மாடு இருந்தால் இரண்டு இடங்களில் வையுங்கள்.

கேள்வி (வெள்ளகோவில்): அதே காட்டில் எங்கள் செம்மறிகளும் மேய்கின்றன. அவையும் நக்கினால் என்ன?

பதில்: கூடவே கூடாது, அம்மணி! மாட்டுக் கலவையில் தாமிரம் இருக்கிறது. செம்மறியின் கல்லீரலில் அது சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையும் சிவந்த சிறுநீருமாக ஆடு விழுந்துவிடும். நான் கவனிக்காமல் விட்டு இரண்டு ஆடுகளை இழந்தவன்; இன்றும் மனம் ஆறவில்லை. ஆட்டுக்கென்று விற்கும் கலவையைத் தனியாகக் கொடுங்கள். மாட்டுத் தொட்டியை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

கேள்வி (பல்லடம்): தாமிரம் குறைந்தால் முடி நிறம் மாறும் என்கிறார்கள். எங்கள் இரண்டு மாதக் காங்கயம் கன்று செம்பழுப்பாக இருக்கிறதே?

பதில்: கவலை வேண்டாம். காங்கயம் கன்று பிறக்கும்போதே அந்த நிறம்தான். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும்.