மாணவர்களோடு தொடர்பில் இருக்க ஓர் ஆசிரியர் எந்தச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாம்?

எந்தச் செயலி என்பது அப்புறம். செய்தி உங்களிடமிருந்து போனால் மட்டும் போதுமா, மாணவர்களும் பதில் போட வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் மனதில் வைத்திருப்பது அநேகமாக வாட்ஸ்அப் குழுவாகத்தான் இருக்கும். தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சாதாரணக் குழுவில் சேர்த்த உடனே ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு மாணவியின் எண் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, ஐம்பது ‘ஓகே சார்’களுக்கு நடுவே தேர்வுத் தேதி காணாமல் போகும். குழுதான் வேண்டும் என்றால் அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பும்படி மாற்றுங்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு அட்மின் ஒப்புதல் கட்டாயம் என்பதையும் போட்டுவிடுங்கள். அழைப்பு லிங்க் வெளியே போய்விட்டால் ரீசெட் செய்யுங்கள், பழைய லிங்க் வேலை செய்யாது. இன்னொரு ஆசிரியரும் அட்மினாக இருக்கட்டும். நாளைக்கு ஒரு புகார் என்று வந்தால் சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.

வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு, ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், எண்கள் வெளியே தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். ‘எனக்கு வரவே இல்லை’ என்று சொல்லும் பையனைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் டெலிகிராம் சேனல், அதாவது நீங்கள் பதிவு போட, சேர்ந்தவர்கள் படிக்கும் இடம். ‘அங்கே திருட்டுப் படம்தானே ஓடுகிறது’ என்று யாராவது கிளம்புவார்கள். ஓடட்டும், நாம் சேனலைப் பற்றிப் பேசுகிறோம். தாமதமாகச் சேர்ந்தவரும் பழைய பதிவுகளைப் படிக்கலாம், சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. வினாடி வினா வாக்கெடுப்பு வைத்தால் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தெரியாது. வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பில் பெயரோடு தெரியும், அதனால் கூச்சப்படும் பிள்ளை தொடவே தொடாது. டெலிகிராமின் தனியுரிமை அமைப்பில் உங்கள் எண்ணை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே என்றால் பெற்றோர் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்தக் கணக்கில் மாணவர்களின் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள். ‘பிள்ளைகளிடம் அன்பாக இருப்பது தப்பா’ என்பார்கள். அன்பு தப்பில்லை, உங்கள் வீட்டுக் கல்யாணப் படமும் நண்பர் போடும் கிண்டல் கமெண்டும் நாளைக்கு வகுப்பில் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும் என்பதுதான் பிரச்சினை. ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்கு மௌனம் என்றாலும் அதுவும் பேச்சாகிவிடும். தனிச்செய்தியில் சந்தேகம் கேட்டால் பதிலைச் சேனலில் பெயரில்லாமல் போடுங்கள், எல்லோருக்கும் பயன்படும். வீட்டுப் பிரச்சினை, மன உளைச்சல் என்று எழுதினால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். அன்றே பள்ளி ஆலோசகரிடமோ தலைமை ஆசிரியரிடமோ சொல்லிவிடுங்கள், செய்தியையும் அழிக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் போன் யாருடையது, டேட்டா யாருடையது என்று எந்த நிர்வாகமும் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்கு வரும் சுற்றறிக்கைக்கு மட்டும் உடனே ‘நோட்டட்’ போட வேண்டும். குறைந்தது மாணவர்களிடமாவது முதல் பதிவிலேயே பதில் தரும் நேரத்தை எழுதிவிடுங்கள், மாலை ஒரு மணி நேரம் போதும்.

கரும்பலகைப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி எழுத்து மங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். பாட வீடியோவை யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றினால் தேடலில் வராது, ஆனால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம். அதனால் அதில் மாணவர் முகம் இருக்கக் கூடாது.