வாசகர் கேள்வி பதில்: தரகர் யாருடைய ஆள்?

கேள்வி: என் தந்தை காவேரிப்பட்டணத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலத் தரகு செய்துவருகிறார். திருமணத்துக்கு முன்பு அவருடைய கணக்குப் புத்தகத்தை நான்தான் எழுதினேன். இப்போது கணவருடன் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். அங்கே ரியல் எஸ்டேட் விற்பனையாளர் உரிமத்துக்கான மாநிலத் தேர்வை ஒரு முறை எழுதித் தேறாமல் போனேன். கணக்கிலும் சொத்துரிமைப் பகுதியிலும் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. தொழில் நடைமுறையும் முகவர் கடமையும்தான் என்னைக் கவிழ்த்துவிட்டன. தொழிலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தப் பகுதி ஏன் வரவில்லை? விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், திரும்பிப் போனதும் மறுபடி எழுத வேண்டும். எப்படிப் படிப்பது?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, அம்மா. தொழிலைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், வினாவைப் படித்த அடுத்த நொடியே 'அப்பா இந்த இடத்தில் என்ன செய்வார்' என்று உங்கள் மனம் விடை சொல்லிவிடுகிறது. உங்கள் தந்தை நேர்மையானவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கத்துத் தரகு என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அமர்ந்து, இருவரையும் ஒரு விலைக்குக் கொண்டுவந்து, இருவரிடமும் கமிஷன் பெற்றுக்கொள்ளும் வேலை. அந்தத் தேர்வை வகுத்தவர்கள் மனத்தில் வைத்திருக்கும் தரகு, ஒருவருடைய ஆளாக நின்று, அவருடைய நலனைத் தன் நலனுக்கு மேலாக வைத்து நடத்தும் வேலை. இந்த வேறுபாடு மனத்தில் பதியும்வரை எத்தனை மாதிரி வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாலும் மதிப்பெண் பெரிதாக ஏறாது.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான்: 3 மணி நேரம், 150 வினாக்கள், தேற 70 சதவீதம், அதாவது 105 சரியான விடைகள். ஏழு பகுதிகளில் தொழில் நடைமுறைக்கும் வெளிப்படுத்தல்களுக்கும் 25 சதவீதம், முகவர் கடமைக்கு 17 சதவீதம். நீங்கள் சறுக்கிய இரண்டும் சேர்ந்தால் 63 வினாக்கள் வருகின்றன. கணக்கில் நீங்கள் தேறியது எனக்கு வியப்பாக இல்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று அறிந்த வீட்டில் பிறந்தவருக்கு, ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்பதை அமெரிக்கப் புத்தகம் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலத்தை வைத்து இந்த 63 வினாக்களை ஈடுகட்ட முடியாது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் தரகர்கள் யாரையும் 'பார்ட்டி' என்றே சொல்வார்கள். நிலம் விற்பவரும் பார்ட்டி, வாங்க வருபவரும் பார்ட்டி. தேர்வில் 'க்ளையண்ட்' வேறு, 'கஸ்டமர்' வேறு. தன்னை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தவர் க்ளையண்ட். அவருக்கு விசுவாசம், இரகசியம் காத்தல், முழு விவரம் சொல்லுதல், பணத்துக்குக் கணக்குக் காட்டுதல் ஆகிய கடமைகள் உண்டு. எதிர்த்தரப்பில் இருப்பவருக்கு நேர்மையும் பொய் சொல்லாமையும் உண்டு, ஆனால் அந்த விசுவாசம் கிடையாது. வினாவைப் படித்ததும் 'இந்தக் கதையில் தரகர் யாருடைய ஆள்?' என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் விடைகளைப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வீட்டை விற்க உங்களிடம் ஒப்படைத்தவர் 8 இலட்சம் டாலர் கேட்கிறார். பணமுடை காரணமாக 7.60 இலட்சத்துக்கும் இறங்கிவிடுவார் என்பதை உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வாங்க வந்தவர், 'கடைசி விலை என்ன?' என்று தணிந்த குரலில் கேட்கிறார். நம் ஊர்த் தரகர் அந்த இடத்தில், 'ஒரு முப்பது நாற்பது குறைத்துக் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்லிப் பேரத்தை முடித்துவைப்பார், அதைத் திறமை என்றும் எண்ணுவார். கலிஃபோர்னியாவில் அது நம்பிக்கைத் துரோகம். இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருப்பதை அந்த மாநிலம் தடைசெய்யவில்லை. ஆனால் இருவருக்கும் அதைத் தெரிவித்து இருவருடைய இசைவையும் பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பெற்ற பிறகும், விற்பவர் கேட்ட விலைக்குக் குறைவாக ஏற்பார் என்பதை அவருடைய வெளிப்படையான அனுமதி இல்லாமல் மறுதரப்புக்குச் சொல்லக்கூடாது. வாங்குபவர் எவ்வளவு வரை உயர்வார் என்பதற்கும் இதே விதிதான்.

அடுத்தது மேல்பணம். 'என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உரிமையாளர் சொல்ல, அந்த மேல்தொகை எவ்வளவு என்று கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போவது நம் பக்கத்தில் சாதாரணம். அங்கே மறைத்துப் பெறும் எந்த ஊதியமும் உரிமத்தைப் பறிப்பதற்குப் போதுமான காரணம். கமிஷனைப் பங்கு போடுவதும் அப்படியே. இங்கே ஒரு மனை கைமாறும்போது, தகவல் சொன்ன டீக்கடைக்காரரில் தொடங்கி ஐந்தாறு பேர் பங்கு கேட்பார்கள். அங்கே தரகுப் பணி செய்த உரிமம் இல்லாதவருக்கு அந்த ஊதியத்தைக் கொடுக்கக்கூடாது. விற்பனையாளர் உரிமம் பெறப்போகும் நீங்களே கூட, உங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும், உங்களுடையதைவிட மேலான உரிமம் பெற்ற புரோக்கரிடமிருந்து மட்டுமே ஊதியம் பெறலாம். மகிழ்ச்சியில் வீட்டுக்காரர் நேரடியாக நீட்டும் பணத்தை வாங்கலாமா என்று வினா வந்தால், விடை 'கூடாது' என்பதுதான்.

முன்பணத்தைப் பற்றிய வினாக்களில் எளிதாக மதிப்பெண் பெறலாம், எளிதாக இழக்கவும் செய்யலாம். டோக்கன் அட்வான்ஸ் தரகரின் சட்டைப் பையில் ஓர் இரவு தங்குவதை நாம் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. அங்கே பிறர் பணம் கைக்கு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் அதை எஸ்க்ரோவிலோ (விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் நடுநிலையான மூன்றாம் தரப்பு), பிறர் பணத்துக்கென்றே வைத்திருக்கும் அறப்பொறுப்புக் கணக்கிலோ, உரியவரிடமோ சேர்த்துவிட வேண்டும். வாங்குபவரின் முன்மொழிவு ஏற்கப்படும்வரை காசோலையை மாற்றாமல் வைத்திருக்கும்படி எழுத்தில் அறிவுறுத்தப்பட்டிருந்தால் அது விதிவிலக்கு. பிறர் பணத்தைத் தன் பணத்தோடு கலப்பது 'கமிங்லிங்', அதை எடுத்துச் செலவழிப்பது 'கன்வெர்ஷன்'. இரண்டாவதுதான் பெரிய குற்றம், முதலாவதும் குற்றமே. வங்கிக் கட்டணத்துக்காகப் புரோக்கர் தன் பணத்தில் 200 டாலர் வரை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்ற சின்ன விலக்கை வினா எழுதுபவர்கள் விடுவதில்லை.

வெளிப்படுத்தல் பகுதியை மனப்பாடம் செய்யாதீர்கள். நம் மாவட்டங்களின் தண்ணீரை நினைத்துக்கொண்டு படியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்பதும் சேர்ந்திருந்தது. போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளின் பல் பழுப்பேறியிருக்கும் ஒரு வீட்டை விற்கும்போது, 'தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் தரகரை நினைத்துப் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை, வாங்குபவரின் முடிவை மாற்றக்கூடிய செய்தியை விழுங்கிவிட்டார். கலிஃபோர்னியா இதை ஏற்காது. விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளைக் குறிப்பிட்ட படிவத்தில் எழுதித் தர வேண்டும். 1984ஆம் ஆண்டின் ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் வழக்குக்குப் பிறகு, ஒன்று முதல் நான்கு குடியிருப்புகள் வரை உள்ள வீடுகளில் முகவரும் கண்ணால் காணக்கூடிய அளவுக்கு முறையாகச் சோதித்து, கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிட்டார். 'விற்பவர் என்னிடம் சொல்லவில்லை' என்ற விடையை அதனால் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். வீட்டில் நிகழ்ந்த மரணத்தைப் பற்றியும் கேட்பார்கள்: மூன்று ஆண்டுகளுக்கு முந்தையதைத் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாங்குபவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது.

இனி சொல்லப்போவதை உங்களுக்கு மட்டுமன்றி இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லாத் தரகர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம், 'நீங்கள் எந்த ஆட்கள்?' என்று தரகர் கேட்பதை நம் ஊர்களில் நாள்தோறும் கேட்கிறோம், கேட்டுக்கொண்டு சும்மாவும் இருக்கிறோம். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் அமெரிக்க நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைப் பார்த்து வீடு மறுப்பதைத் தடைசெய்தது; 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறைபாடும் குழந்தைகளுடன் வாழும் குடும்ப நிலையும் சேர்ந்தன. மறுப்பது மட்டுமன்றி, ஒருவரை அவருடைய இனத்தார் வாழும் தெருப்பக்கமே திருப்பிவிடுவதும் 'ஸ்டியரிங்' என்ற குற்றம். நம்மவர் ஒருவர் வீடு பார்க்க வந்து, 'அந்தத் தெருவில் நம் ஆட்கள் இருக்கிறார்களா?' என்று உங்களிடம் தமிழிலேயே கேட்பார். அன்போடு பதில் சொல்லத்தான் தோன்றும். சொல்லாதீர்கள். வீட்டைப் பற்றிப் பேசுங்கள், அக்கம்பக்கத்தை அவரே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். உரிமத்துக்கு முந்தைய 'ரியல் எஸ்டேட் பிராக்டிஸ்' பாடத்தில் 2024 ஜனவரி முதல் இந்த நியாய வீட்டுவசதியும், அறியாமலே கொள்ளும் சாய்வும் கட்டாயமாகியிருக்கின்றன.

படிக்கும் முறைக்கு, ஊரில் இருக்கும் இந்த நாட்களையே பயன்படுத்துங்கள். மாலையில் தந்தையோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்து வினாக்களைத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். அவர் தம் அனுபவத்திலிருந்து என்ன செய்வார் என்று சொல்லட்டும். பிறகு சரியான விடையை எடுத்துப் பாருங்கள். அவர் சொன்னதும் சட்டமும் பிரியும் இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுத்தான் நீங்கள் படிக்க வேண்டிய புத்தகம். கலைச்சொற்களை மட்டும் தமிழாக்கிக்கொள்ள வேண்டாம், தேர்வறையில் அவை ஆங்கிலத்தில்தான் எதிரே வரும். விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் எழுதலாம் என்பதால், ஒரு முறை தேறாததற்கு மனம் உடைய வேண்டாம்.

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் மனைப்பிரிவுகளுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன். ஓசூரிலும் அத்திப்பள்ளிப் பக்கமும் மனைகள் காட்டுகிறேன். நானும் தேர்வு எழுத வேண்டுமா?
வாசகர், ஓசூர்

பதில்: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களிடம் தேர்வைக் கேட்கவில்லை, பதிவைக் கேட்கிறது. திட்ட அமைப்பாளர் (மனைப்பிரிவோ குடியிருப்போ அமைத்து விற்கும் புரொமோட்டர்) விற்கும் மனையையோ குடியிருப்பையோ, பதிவு பெறாத முகவர் விற்றுத்தரக் கூடாது என்கிறது 9ஆம் பிரிவு. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் அந்த மனையின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம். பகுதி நேரம், முழு நேரம் என்ற வேறுபாடு அதில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தகுதித் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. அது எல்லா மாநிலங்களுக்கும் வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

எல்லையில் இருக்கும் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு பதிவு அந்தந்த மாநிலம் முழுமைக்கும் செல்லும், ஆனால் மாநில எல்லையைத் தாண்டாது. ஜூஜுவாடி சோதனைச் சாவடியைக் கடந்து அத்திப்பள்ளி மனையைக் காட்டினால், அதற்குக் கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு தனியாக வேண்டும். அங்கே ஆவணங்களும் வேறு. பட்டா, அடங்கல், எஃப்எம்பி வரைபடம் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பஹணியும் காத்தாவும் புதிதாக இருக்கும்.

தேர்வு இல்லை என்பதற்காகப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். 10ஆம் பிரிவை ஒரு முறையாவது முழுமையாகப் படியுங்கள்: பதிவு பெறாத திட்டத்தை விற்கக்கூடாது, கணக்குகளைப் பராமரிக்க வேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக்கூடாது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் திட்டப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் அதை நீங்களே சரிபாருங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் கடிதம் மட்டும் போதாது, ஒப்புதல் வரைபடத்தில் உள்ள மனை எண்ணும் களத்தில் நட்ட கல்லும் பொருந்துகின்றனவா, சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள். விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதிவாகும்முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அமைப்பாளருக்கு உரிமை இல்லை என்பதை, வாங்க வருபவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அமைப்பாளர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஷிஃப்ட் வேலையில் சேர்த்த பணத்தை உங்களை நம்பிக் கட்டுபவர்கள் உங்களுடன் வேலை பார்ப்பவர்கள்தாம்.

கேள்வி: பாலக்கோட்டில் விவசாய நிலம் மட்டும் கைமாற்றித் தரும் எனக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்துமா?
வாசகர், பாலக்கோடு

பதில்: அமைப்பாளரின் திட்டம் எதுவும் இல்லாமல், ஒரு விவசாயியின் நிலத்தை இன்னொரு விவசாயிக்கு விற்றுத் தருவதற்கு 9ஆம் பிரிவின் பதிவு தேவையில்லை. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. விற்றுத்தரச் சொன்னவருக்குத் தெரியாமல் அந்த நிலத்தை நீங்களே பினாமியாக வாங்கினால், முக்கியச் செய்தியை மறைத்ததாகவோ அவருக்குப் பாதகம் நேர்ந்ததாகவோ காட்டி அவர் அந்த விற்பனையை ஏற்க மறுக்கலாம். அவருக்குத் தெரியாமல் அதில் நீங்கள் ஈட்டிய ஆதாயத்தை அவர் கேட்டும் பெறலாம். 213 முதல் 216 வரையிலான நான்கு பிரிவுகளை அருகிலுள்ள வழக்கறிஞரிடம் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.