வரிச் சீட்டின் கடைசி வரி

(வாசகர் கேள்வி–பதில். ஊருக்கு வெளியே வீடு வாங்கும் நம்மவர்கள் பெருகிவிட்டதால், இந்த மாதம் தீயணைப்பு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். டெக்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 2007 முதல் வசிக்கிறேன். எட்டு வருடம் எங்கள் பகுதியின் தீயணைப்பைக் கவனிக்கும் இ.எஸ்.டி. என்ற அமைப்பின் போர்டில் (நிர்வாகக் குழுவில்) இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.)

கேள்வி: ஆஸ்டினுக்கு வெளியே, நகர எல்லை தாண்டி, இரண்டு ஏக்கரில் வீடு வாங்கியிருக்கிறோம். முதல் வீட்டுவரிச் சீட்டு வந்தது. பள்ளி, கவுண்டி எல்லாம் புரிகிறது. கடைசியில் இ.எஸ்.டி. என்று ஒன்று, 412 டாலர். கவுண்டிக்குத்தான் வரி கட்டுகிறோமே, அது போதாதா? இது யாருக்குப் போகிறது?

உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் வரப்போகும் வண்டிக்குப் போகிறது. எமர்ஜென்சி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம் இது. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் என்றே தனியாக வரி வாங்கும் ஒரு சிறிய அமைப்பு. 100 டாலர் மதிப்புக்கு 10 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று டெக்சாஸ் அரசியல் சட்டமே கட்டிவைத்திருக்கிறது. உங்கள் வீட்டின் மதிப்பு 4,12,000 டாலர் என்று நினைக்கிறேன், சரிதானே? அப்படியென்றால் உங்கள் டிஸ்ட்ரிக்ட் அந்த உச்ச வரம்பைத் தொட்டுவிட்டது. சில இடங்களில் தீயணைப்புக்கு ஒன்று, ஆம்புலன்சுக்கு ஒன்று என இரண்டு இ.எஸ்.டி. இருக்கும். அடுத்த வருடம் இரண்டாவது வரி முளைத்தால் பதற வேண்டாம்.

கவுண்டி வரி போதாதா என்று கேட்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கவுண்டி தீயணைப்பு வசதி செய்து தரலாம் என்கிறது டெக்சாஸ் சட்டம். தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் கிராமத்துக்காரர்களின் தலையெழுத்து தொங்குகிறது. பல கவுண்டிகள் அங்கங்கே இருக்கும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, வருடத்துக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதிக்கு அந்தக் குழு என்ன செய்யும்? எங்கள் ஊரில் மாதம் ஒரு சனிக்கிழமை பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சிறைச்சி) சுட்டுத் தட்டு தட்டாக விற்றார்கள். நாங்கள் இறைச்சி சாப்பிடாதவர்கள் என்பதால் என் மனைவி ஒரு அண்டா எலுமிச்சம் சாதம் செய்து கொண்டுபோய் வைப்பாள். அதுவும் விற்றுப்போகும். அந்தக் காசில்தான் வண்டிக்கு டீசல்.

2010இல் பக்கத்து வீட்டுக்காரரின் வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டது. வண்டி நல்ல வேகத்தில்தான் வந்தது. அதன் வயிற்றில் 1,000 காலன் தண்ணீர். எங்கள் சாலையில் ஹைட்ரண்ட் (தீயணைப்புக்கென்று சாலையோரம் வைக்கும் தண்ணீர் இணைப்பு) கிடையாது. வண்டியின் ஒரு குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு 150 காலன் போகும். கணக்குப் போட்டால் ஏழு நிமிடம்கூட வராது. குழாய் சீறிக்கொண்டிருந்தது, அப்புறம் இருமியது, அப்புறம் துவண்டு தரையில் படுத்துவிட்டது. அதைப் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும், பகலில் டயர் கடையில் வேலை பார்ப்பவன். காலிக் குழாயைக் கையில் பிடித்தபடி, தண்ணீர் டேங்கர் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். டேங்கர் இன்னொரு ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது கொட்டகையில் தகரம் மட்டும்தான் மிச்சம். வீட்டுப் பக்கம் காற்று திரும்பாதது நாங்கள் செய்த புண்ணியம்.

அடுத்த வருடம், 2011 செப்டம்பர் 4, பாஸ்ட்ராப் கவுண்டியில் பெருந்தீ. மின்கம்பியில் மரம் விழுந்து தொடங்கியது. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, இரண்டு பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்றே அந்தப் புகையைப் பார்த்தோம். அதற்கப்புறம் எங்கள் பகுதியில் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. இ.எஸ்.டி. அமைக்க 100 வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனு வேண்டும், கமிஷனர்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டும் (பெயர்தான் கோர்ட், அது கவுண்டியின் நிர்வாக சபை), பிறகு அந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் வீடு வீடாகப் போனோம். டெக்சாஸ் கிராமத்துக்காரரிடம் போய்ப் புதிதாக ஒரு வரி கட்டுங்கள் என்று கேட்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் ஓட்டு விழுந்தது. உங்கள் சீட்டிலிருக்கும் அந்த வரிக்குப் பின்னாலும் இப்படி யாரோ நடந்திருப்பார்கள்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமனார் ஒரு செய்தி படித்தார். டென்னசியில் சந்தா கட்டவில்லை என்று, எரியும் வீட்டைத் தீயணைப்பு வீரர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். ‘101க்குப் போன் பண்ணினால் வண்டி வரப்போகிறது, இதிலென்ன சந்தா?’ என்று கேட்கிறார். நிஜமா?

நிஜம்தான். தமிழ்நாட்டில் தீயணைப்பு என்பது மாநில அரசின் துறை. கும்பகோணமானாலும் குக்கிராமமானாலும் ஒரே அரசாங்கம், ஒரே நிதி. அந்த நினைப்போடு வருபவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

2010 செப்டம்பரில் டென்னசியின் ஒபையன் கவுண்டியில் நடந்தது. அப்போது அந்தக் கவுண்டிக்கென்று தீயணைப்புத் துறையே இல்லை. பக்கத்து நகரம் சவுத் ஃபுல்டன், வருடத்துக்கு 75 டாலர் கட்டும் கிராமத்து வீடுகளுக்கு மட்டும் வண்டி அனுப்பும். இந்த வீட்டுக்காரர் முன்பெல்லாம் கட்டியவர், அந்த வருடம் விட்டுப்போயிற்று. போனிலேயே, எவ்வளவு செலவானாலும் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். வண்டி வரவில்லை. தீ பக்கத்து நிலத்துக்குப் பரவிய பிறகு வந்தது, ஏனென்றால் அந்த நிலத்துக்காரர் சந்தா கட்டியவர். அவருடைய நிலத்தில் தீயை அணைத்தார்கள். வீடு எரிந்து முடிந்தது. உள்ளே இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்தன. மனித உயிருக்கு ஆபத்து என்றால் சந்தா பார்க்காமல் காப்பாற்றுவோம் என்பது அந்த நகரத்தின் விதி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டியில் வந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையைக் கட்டிப்போட்ட ஏற்பாட்டின் மீதுதான் கோபம். நகரத்துக்காரர்கள் வரி கட்டி வைத்திருக்கும் வண்டி அது. தீப்பிடித்த பிறகு 75 டாலர் கொடுத்தால் போதும் என்றால் யாரும் முன்கூட்டிக் கட்ட மாட்டார்கள், வண்டியும் இருக்காது. நகரத்தின் இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் சந்தா என்ற முறையே தீயணைப்புக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். மறதியும் வறுமையும் எல்லா ஊரிலும் உண்டு. எல்லோர் சொத்துவரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டால், எந்த வீடு சந்தா கட்டியது, எந்த வீடு கட்டவில்லை என்று எரியும் நேரத்தில் யாரும் பட்டியல் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த வருடமும் அங்கே இன்னொரு வீடு இப்படியே எரிந்தது. அதற்குப் பிறகு 2012இல்தான் சவுத் ஃபுல்டன் விதியை மாற்றியது. சந்தா இல்லாத வீட்டுக்கும் வண்டி போகும், பிறகு 3,500 டாலருக்குச் சீட்டு வரும் என்பது அன்றைய புது விதி.

சந்தா முறை ஒழிந்துவிடவும் இல்லை. அதே டென்னசியின் நாக்ஸ் கவுண்டியில் நகரத்துக்கு வெளியே ரூரல் மெட்ரோ என்ற தனியார் நிறுவனம் சந்தா வாங்கிக்கொண்டு தீயணைக்கிறது. சந்தா இல்லாவிட்டாலும் வருவார்கள், ஆனால் பில் பெரிதாக இருக்கும். அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள், பத்திரம் பதிவான அன்றே அதைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் இ.எஸ்.டி.க்குச் சொந்தமாக ஒரு வண்டிகூட இல்லையாம். தன்னார்வக் குழுவோடு ஒப்பந்தம் மட்டும்தானாம். இது சரியா? போர்டு மீட்டிங்கில் என்ன கேட்பது?

தவறில்லை. பல இ.எஸ்.டி.க்கள் அப்படித்தான். டிஸ்ட்ரிக்ட் வரி வாங்கும். லாப நோக்கமில்லாத ஒரு குழு தீயணைக்கும். நடுவில் ஒரு ஒப்பந்தம். எல்லாமே அந்தக் காகிதம் எவ்வளவு நல்ல காகிதம் என்பதைப் பொறுத்தது.

நான் போர்டில் சேர்ந்த முதல் மாதம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். இரண்டே பக்கம். ‘குழு தீயணைப்புச் சேவை வழங்கும், டிஸ்ட்ரிக்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் தரும்.’ அவ்வளவுதான். எத்தனை அழைப்புக்குப் போனார்கள் என்று அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. வரிப்பணத்தில் வாங்கிய புது வண்டியின் டைட்டில் (உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அறை அமைதியாகிவிட்டது. வண்டி குழுவின் பெயரில் இருந்தது. நாளை மனஸ்தாபம் வந்து ஒப்பந்தம் முறிந்தால், வரி கட்டிய ஊர் வெறும் ஷெட்டோடு நிற்கும். குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, தூக்கத்தில் எழுந்து ஓடுபவர்கள். காகிதத்தைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை, யோசித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஐந்து மாதம் உட்கார்ந்து திருத்தினோம். சில நாள் குரல் உயர்ந்தது. குழுத் தலைவர் ஒருமுறை சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துப் பேசினேன். கடைசியில் வந்து நின்றது இதுதான்: வரிப்பணத்தில் வாங்கும் வண்டியும் கருவியும் டிஸ்ட்ரிக்ட் பெயரில் இருக்கும், குழு அவற்றைப் பயன்படுத்தும். மாதா மாதம் ஒவ்வொரு அழைப்புக்கும் எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, வண்டி எப்போது கிளம்பியது, எப்போது சேர்ந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு தாள் வரும். பம்புக்கும் குழாய்க்கும் வருடாந்தரச் சோதனை. தீயணைப்பு உடைக்குப் பத்து வருடம்தான் ஆயுள், அதனால் யார் உடை எந்த வருடத்தியது என்ற பட்டியல். பிரிஸ்கெட் காசு குழுவின் சொந்தக் கணக்கில், வரிப்பணம் தனிக் கணக்கில். இரண்டும் கலக்கவே கூடாது.

நீங்கள் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். அந்த மாதத் தாளை மட்டும் கேளுங்கள். அதிலும் பகல் நேர அழைப்புகளைப் பாருங்கள். தன்னார்வலர்கள் எல்லோரும் பகலில் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு வண்டியும் ஒரே ஒரு ஆளுமாகப் போயிருந்தால், அங்கேதான் உங்கள் பாதுகாப்பில் ஓட்டை. பல டிஸ்ட்ரிக்ட்டுகள் இப்போது பகலுக்கு மட்டும் இரண்டு மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைக்கின்றன. நான் இருந்தபோது எங்கள் போர்டு செய்ததில் உருப்படியான செலவு என்று எனக்குத் தோன்றுவது அதுதான். வரி வரம்பைத் தொட்டுவிட்டால் இதற்குப் பணம் ஏது என்பீர்கள். மக்கள் ஓட்டுப் போட்டால் இ.எஸ்.டி. விற்பனை வரியிலும் பங்கு வாங்கலாம். மாநிலத்தின் 6.25 சதவீதத்துக்கு மேல் உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 2 சதவீதம்தான் வாங்க முடியும். அதில் இன்னும் இடம் இருந்தால் முயற்சி செய்யலாம். நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் பங்க்கும் கடைகளும் இருக்கும் பகுதிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

கேள்வி: ஃபயர் ஸ்டேஷன் ஆறு மைல் தூரம். அதனால்தான் இன்சூரன்ஸ் அதிகம் என்கிறார் ஏஜெண்ட். உண்மையா?

இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. என்ற காப்பீட்டு மதிப்பீட்டு அமைப்பு ஒவ்வொரு பகுதியின் தீயணைப்பு வசதிக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. 1 சிறந்தது. ஸ்டேஷனிலிருந்து சாலை வழியாக 5 மைலுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் 10தான். ஹைட்ரண்ட் 1,000 அடிக்குள் இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும். எல்லா இன்சூரன்ஸ் நிறுவனமும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை, அதனால் இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். புது ஸ்டேஷன் திறந்தால் ஏஜெண்டுக்குத் தானாகத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு 52 வயது, முட்டி வலி உண்டு. கணக்காளராக இருக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குத் தன்னார்வக் குழுவில் இடம் உண்டா?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தன்னார்வலர்கள். குழாய் பிடிக்க ஆள் கிடைத்தாலும் கணக்கு எழுத ஆள் கிடைப்பதில்லை. டெக்சாஸில் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் வனத்துறை கிராமத்துக் குழுக்களுக்கு வண்டியும் உடையும் வாங்க உதவித்தொகை தருகிறது, 2001இலிருந்து. மத்திய அரசும் தருகிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் எழுத வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். பகலில் வெல்டிங் வேலை செய்துவிட்டு இரவில் தீயணைக்கப் போகிறவர் அதை எப்போது எழுதுவார்?

2024 பிப்ரவரியில் டெக்சாஸின் வடகோடியில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. முன்னால் நின்றவர்களில் பெரும்பகுதி தன்னார்வலர்கள். அந்தத் தீயோடு போராடிய ஃபிரிட்ச் ஊர்க் குழுவின் தலைவர், அடுத்த வாரமே ஒரு வீட்டுத் தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்துபோனார். பிறகு விசாரித்த சட்டமன்றக் குழு, இந்தத் தன்னார்வக் குழுக்களுக்குப் போதிய நிதி கிடைக்கவே இல்லை என்று எழுதியது. எங்கள் குழுவுக்குக் கிடைத்த இரண்டாவது டேங்கர், பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று வாரம் எழுதிய விண்ணப்பத்தில் வந்தது. அவருக்கும் முட்டி வலிதான்.

உங்கள் பகுதிக்கு எந்த ஸ்டேஷன் என்று 911க்குப் போன் செய்து கேட்காதீர்கள், அது அவசரத்துக்கு மட்டும். கவுண்டியின் ஃபயர் மார்ஷல் (தீத்தடுப்பு அதிகாரி) அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலான குழுக்களுக்கு வாரம் ஒரு மாலை பயிற்சி இருக்கும், அன்றைக்கு ஷெட்டின் கதவு திறந்திருக்கும். நேராக உள்ளே போய், கணக்கு எழுதத் தெரியும் என்று சொல்லுங்கள். அன்றைக்கே ஒரு பெட்டி நிறைய ரசீதுகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள், ஒரு பை கொண்டுபோங்கள்.