இரண்டாவது வண்டி எது? – கடிதம்

அண்ணனுக்கு வணக்கம்,

உச்சிப்புளி பக்கம் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறு காலைகளில் ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சிறிய கார் ஓட்டுகிறோம். கண்மாய் வற்றியதும் அதன் தரையில் மண் கூட்டி மேடு பள்ளம் அமைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் தென்னந்தோப்பு ஓரத்து மணல்தான் களம். என்னிடம் இருப்பது 1/10 (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) டூ வீல் டிரைவ் பக்கி, அதாவது மண்தரையில் ஓடும் கார், 13.5டி (13.5 சுற்றுக் கம்பி) மோட்டார், 2எஸ் (இரண்டு செல்) 5000 எம்ஏஎச் லிப்போ பேட்டரி இரண்டு. ஒன்றரை வருடமாக இதையே ஓட்டுகிறேன். இன்னொரு கிளாஸ், அதாவது இன்னொரு வகை வண்டி சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஃபோர் வீல் பக்கி வாங்கு என்கிறான் ஒருவன், ஷார்ட் கோர்ஸ் டிரக் என்கிறான் இன்னொருவன். எனக்கு 1/8 மேல் ஆசை. நைட்ரோ இன்ஜின் சத்தத்தின் மேல் ஒரு மோகமும் உண்டு. துபாயிலிருந்து மச்சான் ஆனியில் வருகிறார், சொன்னால் வாங்கி வருவார். எதைச் சொல்லட்டும்?

– உச்சிப்புளி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மற்ற ஏழு பேரிடம் என்ன வண்டி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். ஒரு கிளாஸில் மூன்று வண்டியாவது இல்லாவிட்டால் அதைப் பந்தயம் என்று சொல்ல முடியாது, கண்மாய்க்குள் உலாத்துவதுதான். ஏற்கெனவே இரண்டு பேர் ஷார்ட் கோர்ஸ் டிரக் வைத்திருந்தால், கீழே எழுதியிருப்பதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதையே வாங்குங்கள். எல்லோரும் உங்களைப்போல டூ வீலில்தான் நிற்கிறார்கள் என்றால், புது கிளாஸை நீங்கள்தான் தொடங்கிவைக்க வேண்டும், அதற்கு உங்கள் தரைக்கு ஏற்றது 1/8 எலெக்ட்ரிக் பக்கி. (வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லி நாலு ரூபாய் கேட்டால் யாரைத் திட்டுகிறாய் என்பார்கள். 'கார்' என்றே சொல்லிவையுங்கள்.)

டூ வீலுக்கு அடுத்தது ஃபோர் வீல் என்பது பழைய வழக்கம். 1985-ல் கலிபோர்னியாவில் 1/10 எலெக்ட்ரிக் ஆஃப்-ரோடுக்கு முதல் உலகப் போட்டி நடந்தபோதே இரண்டும் ஜோடியாகத்தான் வந்தன. பேட்டரி, சார்ஜர் பொது. ஒரே கம்பெனி வண்டி என்றால் பெரும்பாலும் பின் சக்கரமும் பொது. முன் சக்கரம் மட்டும் சேராது. செலவுக் கணக்குப்படி உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் 1/10 ஃபோர் வீலை இன்று வடிவமைப்பது கம்பளத்துக்கும், செயற்கைப் புல்லுக்கும், தண்ணீர் தெளித்து இறுக்கிய களிமண்ணுக்கும். உங்களிடம் அந்த மூன்றும் இல்லை.

கண்மாய்க் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பின் வாய் இரண்டு மூன்று விரல் அகலம் இருந்தால் போதும், 1/10 வண்டியின் முன் சக்கரம் அதற்குள் இறங்கி, முன் கையை (சக்கரத்தைத் தாங்கும் தண்டை) முறித்துக்கொண்டுதான் வெளியே வரும். அந்தச் சக்கரத்தின் விட்டம் சுமார் 85 மி.மீ., வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 20 முதல் 24 மி.மீ. 1/8-க்கு விட்டம் 110 மி.மீ.க்கு மேல், இடைவெளி 28 முதல் 30. எடையும் பேசும். 1/10 ஃபோர் வீல் 1.6 கிலோ அளவில் நிற்கும். 1/8 பக்கிக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தபட்சமே 3.2 கிலோ. இலகுவான வண்டி துள்ளித் துள்ளிப் போகும் மேட்டை அது அமுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது மணல். நம் கரையோரத்து மணல் மாவு மாதிரி, கூடவே உப்புக் காற்று. 1/10 ஃபோர் வீலில் டிஃப் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல்) இரண்டு, பேரிங் எல்லாம் சின்னச் சின்னது. மணல் ஏறினால் சொல்லிக்கொள்ளாமல் இறுகிவிடும். பேரிங் எண்ணிக்கை 1/8-ல் இன்னும் அதிகம்தான், டிஃப்பும் மூன்று. ஆனால் முன் பின் டிஃப் இரண்டும் மூடிய பெட்டிக்குள் இருக்கும், பல் தடிமன், பேரிங்கும் பெரிது. பல வண்டிகளில் முக்கியமான பேரிங் 8×16×5 மி.மீ. அளவு. இது ஆர்சி கடைக்கு மட்டும் சொந்தமான அளவில்லை. வண்டியின் புத்தகத்தில் அளவைப் பார்த்துக்கொண்டு, மதுரையில் பேரிங் விற்கும் கடைகளில் 688-2ஆர்எஸ் என்று கேட்டுப் பாருங்கள். கடைசியில் வரும் 2ஆர்எஸ் என்பது இரு பக்கமும் ரப்பர் மூடி. தகர மூடி போட்டது நம் மணலுக்கு ஆகாது.

ஷார்ட் கோர்ஸ் டிரக் முட்டி மோதிப் பழக நல்லது, சக்கரத்தைச் சுற்றி பாடி வருவதால் ஒன்றில் ஒன்று சிக்காது. ஆனால் அந்தப் பாடி எம்பும்போது குடைபோலக் காற்றைப் பிடிக்கும். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது பாம்பன் பக்கம் அதை எம்பவிட்டால் எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில். பக்கியைவிடப் பெரிய சக்கரம் போட்ட ஸ்டேடியம் டிரக் உங்கள் பக்கியின் பாதி உதிரியைப் பங்குபோடும், செலவு எல்லாவற்றிலும் குறைவு. எதிரே ஓட்ட ஆள் கிடைத்தால் பாருங்கள். நைட்ரோ வேண்டாம். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளை மச்சான் விமானத்தில் கொண்டுவர முடியாது. அதைத் தீராமல் வாங்கிக்கொடுக்கும் கடை பக்கத்தில் இல்லாதவரை அந்த இன்ஜின் ஷோகேஸ் பொருள்தான்.

இப்போது 1/8-ன் கஷ்டத்தைச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பதில் அதற்கு உதவுவது ரிமோட் ஒன்றுதான். ஒவ்வொரு வண்டிக்கும் வைத்த அளவுகளைத் தனித்தனியே சேமிக்கும் மாடல் மெமரி அதில் இருந்தால், வண்டிக்கு அதே ரகத்தில் ஒரு ரிசீவர் போதும். ஆனால் வண்டி மாற்றும்போது மெமரியை மாற்ற மறக்காதீர்கள். டூ வீலுக்கு வைத்த ஸ்டியரிங் எல்லை 1/8-க்கு ஒத்துவராது. சக்கரத்தைத் திருப்பும் சர்வோ முட்டிக்கொண்டு முனகியே கருகிப்போகும். சிக்னல் போனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைக்கும் ஃபெயில்சேஃபில் த்ராட்டில் நியூட்ரலுக்கு அல்லது பிரேக்குக்கு வரும்படி வைத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். கண்மாய்க்குள் ஆடு மேயும். சிக்னல் இழந்த மூன்றரைக் கிலோ வண்டி ஆட்டுக்காரரோடு சண்டையில்தான் முடியும். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திவிட மார்ஷலாக நிற்பவர் ஷூ போட்டுக்கொள்ளட்டும், வண்டி வரும் பக்கம் பார்த்தே நிற்கட்டும்.

மோட்டார் 1900 முதல் 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 150 ஆம்பியர், சர்வோ குறைந்தது 20 கிலோ டார்க், 4எஸ் 5000 எம்ஏஎச் லிப்போ இரண்டு. ஐந்து நிமிட ஹீட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுப் பந்தயத்துக்கு, ஒரு பேட்டரி தாராளம். சார்ஜரில்தான் பலரும் ஏமாறுவார்கள். 4எஸ்ஸை 5 ஆம்பியரில் ஏற்றக் கடைசிக் கட்டத்தில் 16.8 வோல்ட், அதாவது 84 வாட் வேண்டும். உங்கள் 2எஸ்ஸுக்கு 42 வாட் போதும். இப்போது வைத்திருப்பது 50 வாட் சார்ஜர் என்றால் 4எஸ்ஸுக்கு மூன்று ஆம்பியரைத் தாண்டாது, ஒரு மணி நேர வேலை ஒன்றே முக்கால் மணி நேரம் இழுக்கும். இரண்டு வாய் உள்ள, ஒவ்வொரு வாயிலும் 100 வாட்டாவது தரும், 12 வோல்ட்டிலும் ஓடும் சார்ஜராக வாங்குங்கள். கண்மாயில் கரன்ட்டுக்கு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி நல்லது. ஒரு 4எஸ்ஸில் 74 வாட்-மணி. சார்ஜர் விழுங்குவதையும் சேர்த்தால் 85. 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 600 வாட்-மணி, ஏழு தடவை ஏற்றலாம். கார் பேட்டரியை இதற்குக் கொண்டுவராதீர்கள், ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். சார்ஜ் போடுவது பனை நிழலில், லிப்போவைப் பைக்குள் மூடிக் காரின் டிக்கியில் வைத்து அல்ல.

இரண்டு கிளாஸ் ஓட்டுபவர் மறக்கும் இன்னொன்று, முறை. ஓட்டி முடித்தவர் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல் நிற்க வேண்டும். டூ வீலும் 1/8-ம் அடுத்தடுத்து வந்தால் ஒன்று மார்ஷல் வேலை போகும், அல்லது சூடு ஆறாத வண்டியோடு நிற்பீர்கள். நடுவில் ஒரு ஹீட் இடைவெளி விட்டு அட்டவணை போடுங்கள்.

புது வண்டியை வாங்கியதும் டிஃப்பைத் திறந்து பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே எண்ணெய் குறைவாக இருப்பதுண்டு. அச்சு வெளியே வரும் இடத்து ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) எடுத்து லேசாக கிரீஸ் தடவிப் போடுங்கள். முன்னால் 7000, நடுவில் 7000, பின்னால் 3000 என்று சிலிக்கான் எண்ணெயில் தொடங்கலாம், எண் கூடினால் எண்ணெய் கெட்டி. உள்ளே இருக்கும் குறுக்கு ஊசி மூழ்கும் அளவு ஊற்றி, பல்லைக் கையால் நாலு சுற்று சுற்றி, குமிழி மேலே வரப் பத்து நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் மறுபடி அதே அளவுக்கு ஊற்றுங்கள். விளிம்புவரை ஊற்றக் கூடாது. ஓடிச் சூடேறியதும் எண்ணெய் விரிந்து ஓ-ரிங்கைத் தள்ளிக்கொண்டு கசியும். கசிந்த எண்ணெயில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள். மூடியின் ஸ்க்ரூக்களை எதிரெதிராக முறுக்குங்கள். நடு டிஃப் எண்ணெய் மெலிந்தால், வேகமெடுக்கும்போது முன் சக்கரம் வெறுமனே சுற்றி ஊதிப் பெருத்துக்கொண்டு தெரியும். அதைக் கண்டால் கெட்டியான எண்ணெய்க்குப் போங்கள்.

கருவேல முள் டயரைப் பஞ்சராக்காது, உள்ளே இருப்பது காற்றில்லை, ஃபோம். ஆனால் ரிம் ஓட்டை வழியாக மணல் உள்ளே போய்த் தங்கும். நாலு ஹீட்டில் சக்கரம் ஆடத் தொடங்கும். ரிம் ஓட்டையை டேப்பால் அடைத்து, டயரின் நடுவில் எதிரெதிரே இரண்டு சின்ன ஓட்டை போட்டால் மணல் சுழற்சியில் வெளியேறிவிடும். தோப்பு மணலில் ஓட்டும் நாளில் பினியனில் (மோட்டார் அச்சில் மாட்டும் சிறிய பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்துக்கொள்ளுங்கள், ஹீட் முடிந்ததும் மோட்டார் சூட்டைப் பாருங்கள், 80 டிகிரியைத் தாண்டினால் இன்னொரு பல். கடற்கரை மணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உப்பு ஈரம் ஒரே காலையில் ஸ்க்ரூக்களைச் சிவப்பாக்கும், தை முதல் பங்குனிவரை அங்கே ஆமை முட்டையிடும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

மச்சானிடம் இரண்டு விஷயம். தனியாக வரும் லிப்போவைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். முனைகளில் டேப் சுற்றி, ஒவ்வொன்றும் தனிப் பையில். 100 வாட்-மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 4எஸ் 5000 என்பது 74, பிரச்சினை இல்லை. 6எஸ் 5000 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அது 111, விமானக் கம்பெனியிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டியிருக்கும், உங்கள் ஈஎஸ்சிக்கும் ஒத்துவராமல் போகலாம். வண்டியோடு முன் கீழ்க் கை இரண்டு ஜோடி, டிஃப் ஓ-ரிங் ஒரு பாக்கெட், 17 மி.மீ. வீல் நட் நான்கு, பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் ஒன்று, பினியனில் இப்போதைய பல்லுக்கு ஒன்று குறைந்ததும் இரண்டு குறைந்ததும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள்.