உழுந்துக் காணியை விற்று மருத்துவம் படிப்பிக்க வேண்டாம்

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாம் தடவையும் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்கு எடுத்த புள்ளி காணாது. வெளிநாட்டுக்கு அனுப்பி மருத்துவம் படிப்பியுங்கள், அரைவாசிக் காசு நான் தருகிறேன் என்கிறாராம் கனடாவில் இருக்கும் சித்தப்பா. மீதிக்கு உழுந்து போடும் மேட்டுக்காணியை விற்கலாமா என்று கேட்கிறார். கூடவே ஒரு முறைப்பாடு: "படிக்கிற பிள்ளை, தகப்பன் வைத்திருக்கிற விதை உழுந்தையெல்லாம் நிறம் பார்த்து, மினுக்கம் பார்த்து ஹோர்லிக்ஸ் போத்தல்களில் பிரித்துப் போட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்."

அம்மா, உங்கள் தவிப்பு விளங்குகிறது. இரண்டு தடவை எழுதிய பிள்ளையின் தாய்க்கு நித்திரை வராதுதான். ஆனாலும் நேராகவே சொல்கிறேன், காணியை விற்க வேண்டாம். சித்தப்பாவின் அரைவாசி இன்றைக்கு வாய்ச்சொல். நீங்கள் எழுதிக் கொடுக்கும் காணி உறுதியோ திரும்பி வராது. வெளிநாட்டில் படித்து முடித்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியராகப் பதியலாம். அதுவரை வீட்டில் மற்ற இரண்டு பிள்ளைகளும் எதைக் கொண்டு படிப்பார்கள்? இவ்வளவுக்கும் உங்கள் கடிதத்தில் மகளுக்கு வைத்தியராக விருப்பம் என்று ஒரு வரிகூட இல்லை.

தாதியம், ஆசிரியம், கணினி டிப்ளோமா பற்றி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் அந்தப் போத்தல்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நீங்கள் விளையாட்டு என்று நினைப்பது ஒரு விஞ்ஞானத்தின் முதற்படி. பயிரின் இயல்புகளை அளந்து, புள்ளிவிபரவியலால் வகைப்படுத்துவது விவசாய பீடத்தில் படிக்கக்கூடிய விடயம்.

அது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். முப்பது வீடுகளிலிருந்து முப்பது பொதி உழுந்து விதை சேர்த்துவிட்டோம் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மாரிமழைக் காலபோகத்தில் மூன்று இடத்தில் விதைக்க வேண்டும். எந்த வரிசையில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். வயலின் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கும், இன்னொரு மூலை காயும். மண் செய்த வேலையை விதையின் குணம் என்று எழுதிவிடக்கூடாதல்லவா. பிறகு பாதிச் செடிகள் பூக்க எத்தனை நாள், செடியின் உயரம், கிளைகள், காய்களின் எண்ணிக்கை, காயின் நீளம், ஒரு காயில் எத்தனை மணி, நூறு மணியின் நிறை என்று எல்லாம் அளக்க வேண்டும். காயில் மயிர் உண்டா, தோல் மினுங்குகிறதா, இலையை மஞ்சளாக்கும் மஞ்சள் சித்திர வைரசு எவ்வளவு தாக்கியது என்பதையும் குறிக்க வேண்டும். வெயிலில் குனிந்து நின்று, பிழையில்லாமல், பொய்யில்லாமல் எழுதுகிற வேலை இது.

இப்போது ஒவ்வொரு விதைக்கும் பத்துப் பன்னிரண்டு எண்கள். உயரம் பத்துக்கணக்கான சென்ரிமீற்றர், நூறு மணியோ சில கிராம். அப்படியே கணக்கில் போட்டால் உயரமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். கிளை கூடினால் காயும் கூடும் என்பதுபோல் சேர்ந்து மாறும் இயல்புகளைத் தலைமைக்கூறுப் பகுப்பாய்வு இரண்டு மூன்று அச்சுகளாகச் சுருக்கும். கொத்துப் பகுப்பாய்வு, ஒன்றுக்கொன்று நெருங்கிய விதைகளைச் சேர்த்துச் சேர்த்து வம்சாவளி மரம்போல வரைந்து தரும். இரண்டு ஊரில் இரண்டு பெயரில் இருப்பது ஒரே விதையாக இருக்கக்கூடும். ஒரே பெயரில் இருப்பவை தூரத்து உறவாகவும் இருக்கலாம். நல்ல புதிய இனம் எடுக்க நினைப்பவர், விலகி நிற்கும் கொத்துகளிலிருந்து தாய் தந்தையைத் தெரிவு செய்வார்.

ஒரு எச்சரிக்கை. உண்மையில் கொத்தே இல்லாவிட்டாலும் கணினி பிரித்துத்தான் தரும். அந்தப் பிரிவு நிசமா என்று இன்னொரு போகம் விதைத்துப் பார்க்க வேண்டும். எண்ணும் தெரிந்து செடியும் தெரிந்த ஆள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். வவுனியா மாவட்டம் உழுந்துக்குப் பெயர்போனது. அறுவடை நேரத்து மழைக்கு முந்தி முற்றுகிற, மஞ்சள் நோயைத் தாங்குகிற விதை எது என்ற கேள்வி உங்கள் வீட்டுக்காரரின் கேள்வியும்தானே. அதை ஒரு வன்னிப் பிள்ளை கேட்கட்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. மாங்குளம் போய் ஏ9 வீதியில் பஸ் ஏறினால் போய்விடலாம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவி கிடைக்கும். விடுதி, சாப்பாடு, போக்குவரத்துச் செலவு உண்டு. அதற்குக் காணி விற்கத் தேவையில்லை. பிறகு மகா இலுப்பள்ளமவில் வயற்பயிர் ஆராய்ச்சி, கன்னொறுவையில் விதைகளைக் குளிரில் பாதுகாக்கும் தாவர மரபுவள நிலையம், பேராதனையில் பட்டப்பின் படிப்பு என்று போக வழி இருக்கிறது. அரச வேலைக்குப் போட்டிப் பரீட்சையும் காத்திருப்பும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கைக் கற்ற கை சுகாதாரத் தரவிலும் வங்கித் தரவிலும் வேலை செய்யும்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற மகளின் இசட் புள்ளிக்கு விவசாயம் கிடைக்குமா என்பதை உங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வருடாவருடம் மாறும். விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்று மகளே எழுதட்டும், சித்தப்பா அல்ல.

அனுமதி வரும்வரை ரியூட்டரிக்கு அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள். பழைய மடிக்கணினி ஒன்று போதும். 'ஆர்' என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம். 1936 இல் புள்ளிவிபரவியலாளர் பிஷர் தன் ஆய்வுக்கு எடுத்த ஐரிஸ் பூக்களின் அளவுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன: மூன்று இனம், 150 பூக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள். அதில் கைபழகிவிட்டு, போத்தலில் உள்ள உழுந்தை நூறு நூறாக எண்ணி நிறுத்து, அந்த எண்களையும் போடட்டும். பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலத்தையும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புகிற முகவருக்கு முற்பணம் ஒரு சதமும் கட்டவேண்டாம். அடுத்த கிழமை என்னிடம் வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள். முதலில் அவவோடுதான் கதைப்பேன்.